மருந்துக்குக் கேட்குமா?

தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடிப்பக்கமாக ஸ்கேலை வைக்கிறார். உள்ளங்கை அகலத் தட்டு. ஒரு நோயாளியின் சீழில் இருந்த கிருமி அதில் பாலேடு மாதிரி படர்ந்திருக்கிறது. நடுநடுவே மருந்தில் தோய்த்த காகிதப் பொட்டுகள். பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் போதுமான வட்டம் விழுந்திருந்தால் அந்த மருந்து பலிக்கும். அந்த வட்டத்தை அளந்து சொல்வதுதான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இந்த அம்மாளின் உத்தியோகம். பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் இவர் 'தட்டக்கா'.

கிருமிகளோடு பேசுவார். அடங்காத ஒன்றைக் கண்டால், "ஏண்டா, இத்தனை மருந்து வச்சிருக்கேன், ஒண்ணுக்காவது மரியாதை உண்டா?" என்று அதட்டுவார். மனிதர்களிடம் இன்னும் கறார். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார். "தப்பிச்ச கிருமி அடுத்த தடவை மருந்தையே ஏப்பம் விட்டுடும், தெரியுமா?"

இந்தப் பேச்சு எடுபடாத ஒரே இடம் சொந்த அண்ணன். தையல்காரர், சர்க்கரை வேறு. கால் புண்ணுக்குத் தானே கடையில் மாத்திரை வாங்கி, வலி குறைந்ததும் நிறுத்தி, மறுபடி வாங்கி, மறுபடி நிறுத்தி வந்த மகானுபாவர். "என் உடம்பு எனக்குத் தெரியாதா? சும்மா பயமுறுத்தாத." இப்போது மாடி வார்டில் படுத்திருக்கிறார். எந்த மருந்துக்கும் கேட்காவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கையில் இருப்பது அண்ணனுடைய தட்டு. பொட்டுகளை ஒட்டியே கிருமி கொழுத்து வளர்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒன்றைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம். அளந்தார். போதும் போலத்தான் இருந்தது. ஆசையோடு பார்த்தால் எதுவும் போதும் போலத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பலிக்காத மருந்தை எழுதிக் கொடுத்தால் காலோடு ஆளும் போய்விடும். பயமாக இருந்தது. யாருடையது என்று சொல்லாமல் எதிர் மேஜைக்காரரிடம் தட்டை நீட்டினார்.

அந்த மனிதர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அளந்தார்.

"இது ஒண்ணு கேக்குதுக்கா. மத்ததெல்லாம் தண்டம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நீங்க பாக்காததையா நான் பாத்துடப் போறேன்?"

"பாருங்கன்னா பாருங்க."

மறுபடியும் அளந்தார். "கேக்குதுக்கா. சந்தேகமே இல்ல."

தட்டக்கா வார்டுக்குப் போன் செய்து மருந்தின் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்ட நர்ஸ், "உங்க அண்ணன் முழிச்சுட்டுத்தான் இருக்கார். பேசறீங்களா?" என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டாள்.

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தார் தட்டக்கா.

"என்ன சொல்லுது உன் தட்டு?" என்றார் அண்ணன். "கால் தப்பிக்குமாம்மா?"

போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு, மாடியில் இருப்பவருக்குத் தெரியாது என்பதே மறந்துபோய், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.