கேட்கப்படாத சம்மதம்

இத்தாலியின் பலெர்மோ நகர மருத்துவமனையொன்றில், பிரசவத்துக்கு வந்திருந்த நம் ஈழத்தமிழர் வீட்டுப் பெண்ணொருத்திக்கு மொழிபெயர்க்க நின்றேன். அவள் மாதாந்தப் பரிசோதனைகளுக்குச் சென்றதில்லை என்பதால், போதைப்பொருள் சோதனைக்கு அவளது சம்மதத்தைக் கேட்கும்படி தாதி கூறினார். குடும்பப் பெண்ணிடம் அந்தச் சொல்லை உச்சரிக்க என் நா கூசியது. அவளிடம் கேளாமலே, சம்மதமென்று நானே இத்தாலிய மொழியில் கூறிவிட்டேன்.

அவள் உடலில் போதைப்பொருள் இருக்கலாமென்று சோதனை காட்டியது. மறுசோதனை முடியும்வரை, பிறந்த குழந்தையைத் தாயிடம் கொடுக்க மறுத்தனர்.

"என்ரை பிள்ளையை ஏன் ஐயா தரமாட்டினமாம்?" என்று அழுதாள். நடந்ததைச் சொன்னேன்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே ஐயா! இருமல் பாணி குடிச்சனான் எண்டு சொல்லியிருப்பனே."

அந்த இருமல் மருந்தே காரணமென்று மறுசோதனை உறுதிசெய்தது. அதற்குள் அவளது முதற்பால் மேலாடையில் கசிந்து வீணாகியிருந்தது.

அவளது மானத்தைக் காப்பதாக எண்ணி, என் கூச்சத்தையே காத்துக்கொண்டேன்.