விரித்த கையில் ஒரு பிடி கடலை

பிள்ளைகளா, அது ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எனக்கு முதல் வருடம். ஒரு மாலை கதவைத் தடதடவென்று தட்டினார்கள். திறந்தால், கழுத்தில் துணிப்பை மாட்டிய அரபுக் குழந்தைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டு நின்றார்கள். என்ன தப்பு செய்தோமோ என்று பயந்து உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

என்னோடு தங்கியிருந்த காதர் அண்ணன் உள்ளேயிருந்து சொன்னார்: "பயப்படாதப்பா. நோன்புக்கு முந்தின மாசம் புள்ளைங்க இப்படித்தான் வீடு வீடா வரும். மிட்டாய், கடலை எதாவது குடு."

அறையில் அரிசியும் வெங்காயமும்தான் இருந்தன. குழந்தைகளை வெறுமனே அனுப்ப வேண்டியிருக்கிறதே என்ற வெட்கத்தில், "மாஃபி, இல்லை" என்று கையை விரித்தேன்.

முன்னால் நின்ற சிறுமி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு பிடி கடலையை அள்ளி அதில் வைத்துவிட்டு, "யல்லா" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"குடுக்கச் சொன்னா வாங்கிட்டு நிக்கிறியேடா" என்று அண்ணன் சிரித்தார்.

இல்லை என்று சொன்னவனுக்கும் பங்கு உண்டென்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?