கிரிவலப் பாதையில் பூட்டிய கதவு

கிரிவலம் போகக் காலை ஆறு மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினோம், நானும் என் தங்கை சரோஜாவும். ஏறும்போதே என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“குடிக்காதக்கா, வழியில எங்க போவ? நானெல்லாம் வூட்ட வுட்டுக் கிளம்புனா திரும்புற வரைக்கும் போவ மாட்டேன்.”

எங்கள் பக்கத்துப் பெண்கள் இதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டிலைத் திரும்ப வாங்கிக் குடித்தேன்.

என் சிறுநீர்ப்பைக்குச் சுருங்கித் தள்ளுகிற பலம் போய்விட்டது. நிறைந்தாலும் முட்டுவதில்லை. போனாலும் பாதி உள்ளேயே தங்கி, அதனால் இரண்டு முறை குளிர்காய்ச்சல். வேங்கிக்கால் ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டியே அனுப்பினார்: “சர்க்கரை நரம்பைக் கெடுத்துச்சு, அடக்கி அடக்கி நீங்களும் சேர்ந்து கெடுத்தீங்க. வருதோ இல்லையோ, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும். முக்கக் கூடாது. எழுந்து நின்னுட்டு, மிச்சமும் போக மறுபடி உட்காருங்க. இன்னொரு காய்ச்சல் வந்தா டியூப்தான்.”

ஏழு மணிக்குக் கோயிலருகே கட்டணக் கழிப்பறைக்கு நான் மட்டும் போய்வந்த பிறகு நடக்கத் தொடங்கினோம். சுற்று பதினான்கு கிலோமீட்டர். பத்து மணிக்கு நிருதி லிங்கம் தாண்டி ஒரு கழிப்பறை. பெண்கள் பக்கம் பூட்டு. சாவியோடு ஒருவர் நாற்காலியில் இருந்தார்.

“பௌர்ணமிக்குத்தான் திறப்போம் பாட்டி. மத்த நாள்ல லேடீஸ் கம்மி.”

“என் உடம்புக்குப் பௌர்ணமி தெரியாதுப்பா. ஆம்பளைங்களுக்கு மட்டும் தினம் பௌர்ணமியா?”

கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “மானம் போவுது, வாக்கா” என்றாள் சரோஜா. நான் அசையவில்லை. சாவிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிட்டார்.

உள்ளே அவசரப்படவில்லை. வெளியே இருந்து சரோஜா, “தூங்கிட்டியா?” என்றாள்.

“ரெண்டாவது தடவை உக்காந்திருக்கேன். இரு.”

வெளியே வந்து, “நீ போ” என்றேன்.

“எனக்கு வரலக்கா. நேத்து சாயந்திரம் போனது. இன்னும் முட்டவே இல்ல.” அப்போதும் பெருமைதான் அவள் குரலில்.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு கதவுக்குப் பின்னால் மெதுவாக, “அக்கா, சொட்டுச் சொட்டாத்தான் வருது” என்றாள்.

“முக்காத. நான் இங்கதான் நிக்கிறேன்.”

அவள் வெளியே வந்ததும் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர், “சுத்து பாதியில நிக்குதேம்மா?” என்றார்.

“மலை எங்கயும் போவாதுப்பா. வேங்கிக்கால் ஆஸ்பத்திரிக்கு வுடு.”

சரோஜா எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.