பொறியின் நிறம்

செங்கல்பட்டில், மகாபலிபுரம் போகும் சாலையில் நானும் என் வீட்டுக்காரரும் மாவு மில் வைத்திருந்தோம். ஐம்பதுகளில், தெருவுக்குக் கரண்ட் வந்த கையோடு போட்ட மில். மோட்டாரை அவர் பார்த்துக்கொள்வார். வருகிறவர்களுக்கு வாய் கொடுப்பது என் வேலை. அதில் எனக்குக் குறைச்சலே கிடையாது.

சுவரில் கைப்பிடி வைத்த சுவிட்சு ஒன்று. பிடியைத் தள்ளினால் செப்புத் தகடுகள் கவ்விக்குள் போய் உட்கார்ந்து மோட்டார் ஓடும். இழுத்தால் நிற்கும். இழுப்பதை வெடுக்கென்று இழுக்கவேண்டும் என்பார்.

"மெதுவா இழுத்தா கரண்ட் வுடாதுமே. நடுவுல பொறியா நின்னுகினு இருக்கும். அந்தச் சூட்டுல செம்பு உருகிப் பூடும்."

ஒருமுறை நான் தயங்கித் தயங்கி இழுத்ததற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு வருஷம் தகடெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அடுத்த வாரமே கறுத்துப் போகும். குழி விழுந்த இடம் சரியாக ஒட்டாமல் இன்னும் சுட்டது. புதுத் தகடு போட்டோம், அதற்கும் அதே கதி. தகடு விற்ற கடைக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தேன். பாவம், அந்த மனுஷர்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஒரு சாயங்காலம் மாவைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தவள் தற்செயலாகத் திரும்பினேன். அவர் சுவிட்சுக்குக் கிட்டே முகத்தை வைத்துக்கொண்டு, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தார். தகட்டுக்கும் கவ்விக்கும் நடுவே பொறி சீறிக்கொண்டு நீண்டது.

"இன்னாய்யா பண்றே? செம்ப நீயே பொறிக்குத் துன்னக் குடுக்கறியா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. "அது இன்னா நெறம்மே?"

"நீலம். இதுகூடவா தெரியாது?"

"எனக்கு மஞ்சளா கீது. தெனமும் பாக்கறேன், நீலம் திரும்பி வருதான்னு. வெடுக்குனு இழுத்தா பாக்கறதுக்குள்ள அணைஞ்சிருது."

தீபாவளிக்கு நான் கட்டிய நீலப் புடவையைப் பார்த்து, "இன்னாமே, கறுப்பு கட்டிக்கினு கீறே?" என்று அவர் கேட்டதும், அதற்கு நான் போட்ட சண்டையும் நினைவுக்கு வந்தன. இத்தனை நாள் பார்வை மங்கிக்கொண்டே வந்ததைத் தனியாகச் சுமந்திருக்கிறார். பக்கத்திலேயே நின்று நான் வாயடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாவுக் கையோடு உட்கார்ந்து அழுதேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண்ணில் புரை, அதுதான் நீலத்தை மறைக்கிறது என்றார்கள். ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் திரும்பியதும், கடலைப் பார்க்கட்டும் என்று மகாபலிபுரத்துக்குக் கிளப்பினேன். அவர் பஸ்ஸுக்கு நிற்காமல் நேரே மில்லுக்குள் நுழைந்தார்.

மோட்டாரை ஓடவிட்டார். திட்டுவேனோ என்று என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பிடியை மெல்ல இழுத்தார்.

"நீலம்மே," என்றார். "எம்மாம் நீலம்!" கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது.

பட்டணம் போகுமுன் போட்ட புதுத் தகடு, நாலு நாள்தான் ஓடியிருந்தது.

"இன்னொரு தபா இழுய்யா," என்றேன்.