கம்ஷா கொடுக்காமல் புஜைரா போய் வந்த கதை

கப்பல்களுக்கு மளிகையும் இறைச்சியும் சப்ளை செய்யும் கடையில் எனக்கு அது மூன்றாவது மாதம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முதல்முறையாக என்னைப் பொறுப்பாகப் புஜைரா துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் முதலாளி காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரைக் 'காக்கா' என்போம். "கப்பல் குக் கையெழுத்து இல்லாம சரக்கோட திரும்பி வந்தியோ, ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன்" என்றார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் காலை 5.40க்குக் குளிர்சாதன வண்டி கிளம்பியது. சுமார் 115 கிலோமீட்டர். ஓட்டியவர் ராமநாதபுரம் சேகர் அண்ணன். வழியில் மசாஃபியில் டீ, ஆளுக்கு இரண்டு திர்ஹம்.

"கம்ஷா எங்கடா?" என்றார் அண்ணன்.

கப்பல் சமையல்காரருக்கு நீட்டும் சிகரெட் கார்ட்டனுக்குத் துறைமுகத்தில் அதுதான் பெயர். வழியில் சரக்கிலிருந்து நாமே உருவிக்கொள்ளும் இரண்டு டின்னுக்கும் அதே பெயர்தான்! சீனாவின் ஒரு பக்கத்தில் நன்றி சொல்லும் வார்த்தையாம். மாலுமிகள் வாயில் ஊர் சுற்றி இப்படிக் கெட்டுப்போனது. எனக்கோ லஞ்சம் என்றாலே உடம்பு எரியும்.

"கம்ஷா இல்லண்ணே. தராசு இருக்கு."

"வெளங்கிரும். பத்து கிலோ குறையுதும்பான், பாரு."

எட்டேகாலுக்குக் கப்பலடியில் நின்றோம். சீனத்துச் சமையல்காரர் இறங்கி வந்து முதலில் பார்த்தது என் கையைத்தான். அது காலி. "மட்டன், டென் கிலோ ஷார்ட்" என்றார், ஒரு பெட்டியைக்கூடத் திறக்காமல்.

நான் ஏணியடியில் தராசை மாட்டி, ஒவ்வொரு பெட்டியாகத் தொங்கவிட்டு எடையை உரக்கக் கத்தினேன். வேடிக்கை பார்க்க வந்த மாலுமிகளும் கூடவே கத்த ஆரம்பித்தார்கள். மேல்தளத்திலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தார். பதினெட்டுப் பெட்டி, வெயிலில் முப்பது நிமிடம். மொத்தத்தில் அறுநூறு கிராம் கூடுதலாகவே இருந்தது!

சமையல்காரர் கேப்டனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது சிரித்துக்கொண்டே "கம்சியா" என்றார். வெறுங்கையோடு நின்ற எனக்கு அந்த வார்த்தையின் பழைய அர்த்தம் கிடைத்தது. கப்பலையே வாங்கியதுபோல நெஞ்சு நிமிர்ந்தது.

இந்த வேலையாகப் போகிறவர்களுக்கு: கேட் பாஸை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர் நிறைய வேண்டும். தராசுக்கு மாற்று பேட்டரி மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டு, தெய்வம் விட்ட வழி என்று நின்றேன்.

மதியம் ஒன்றரைக்குக் கடைக்குத் திரும்பினோம். முதலாளி ரசீதை இருமுறை திருப்பிப் பார்த்தார்.

"கார்ட்டன் எத்தன குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல, காக்கா."

ரசீதை ஃபைலில் வைத்தார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார்: "சேகரு, அடுத்த வாரம் கொர்பக்கான் துறைமுகத்துக்கும் இவனத்தான் கூட்டிட்டுப் போற."