கார்னரின்போது தூக்கிய கை

நேற்று டீக்கடை டிவியில் ஏதோ வெளிநாட்டு ஃபுட்பால். கடைசி நிமிடத்தில் கார்னர். கொடியோரம் பந்தை வைத்ததுமே, பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரின் சட்டையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். "அண்ணா, டீ கொட்டுதுங்க!" என்று அவர் அலறிய பிறகுதான் விட்டேன். ஐம்பதை நெருங்குகிறவன் செய்கிற வேலையா இது!

ஆனால் கார்னர் என்றால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஓடுகிற ஆட்டத்தில் தப்புப் பண்ணினால் ஓடிப்போய்ச் சரிசெய்யலாம். கார்னரில், ஆளாளுக்கு இடம் பார்த்து நின்று, நிதானமாகக் கோட்டை விட வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி டீமில் எனக்கு வேகமும் கிடையாது, உதையும் சுமார். ஒருத்தனைப் பிடித்தால் மட்டும் மாட்டு உண்ணி மாதிரி விடமாட்டேன். அதனால் எதிரணியில் உயரமானவன் என் பொறுப்பு. கோல் கம்பத்தோரம் பொன்னன் நிற்பான். சித்தேரி மலைக்காரன், என்னோடு பிளஸ் டூ படித்தவன். தினமும் கடைசி பஸ்ஸில் மலையேறுவான். ஆட்டம் நடந்தால் அந்த பஸ் மைதானத்தோரம் நின்று இரண்டு ஹாரன் அடிக்கும். நாங்கள் கை தூக்கினால் கண்டக்டர் ஐந்து நிமிடம் பொறுப்பார். கை தூக்குவதும் என் வேலைதான்.

அன்று அரூரோடு ஆட்டம். டிரா ஆனாலே அவர்களுக்குப் போதும். ஜெயித்தால்தான் நாங்கள் மாவட்டப் போட்டிக்குப் போக முடியும். அங்கே ஆடினால் கிடைக்கிற சர்டிபிகேட்டை நம்பித்தான் பொன்னன் இருந்தான்.

"அது கெடச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜிடா. இல்லாட்டி அப்பங்கூட சாமை அறுக்கறதுதான்" என்றான், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம். கடைசி நிமிடம். அரூருக்குக் கார்னர்.

"ஒம்போதாம் நம்பர வுட்றாத!" என்று கேப்டன் கத்தினான். அந்த ஒன்பதாம் நம்பர் முழங்கையால் என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தான். நான் அவன் பனியனைப் பிடித்திருந்தேன். உதைக்கிறவன் ஓடிவரத் தொடங்கினான்.

இரண்டு ஹாரன்.

பனியனை விட்டுத் திரும்பிக் கையைத் தூக்கினேன். பழக்கம்! கண்ணிமைக்கும் நேரம்தான். மறுபடி திரும்புவதற்குள் அவன் எம்பித் தலையால் முட்டிவிட்டான். பந்து பொன்னன் காலோரமாக உள்ளே போய்விட்டது.

"பஸ் சத்தம் கேட்டாப் போதுமே மலைக்காரனுக்கு! வூட்டுக்குப் போற அவசரம்!" கேப்டன் பொன்னன் மேல் பாய்ந்தான்.

பொன்னன் பஸ் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியவன் நான். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தான். நான் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டேன். பாவி!

அதற்குப் பிறகு அவன் ஆட வரவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மைதானத்தில் இப்போது கடைகள் வந்துவிட்டன. கோல் கம்பங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. மலைப் பிள்ளைகள் பைக்கில் பறக்கிறார்கள்.

போன மாதம் அரூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்துவிட்டேன். தலை முழுக்க நரை. "டேய் பொன்னா!" என்று ஓடினேன்.

நின்றான். சிரித்தான். "சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.