பதினேழாவது ஸ்டார்

போன வியாழக்கிழமை என் மகள் அபிஷாவுக்குப் பதினேழாவது ஸ்டார் கொடுத்தேன். யு.கே.ஜி. படிக்கிறாள். ஸ்டார் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததல்ல. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டுவது.

கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் அவளைச் சேர்த்திருக்கிறோம். வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பினார்கள். குறைப்பதென்ன... அடியோடு நிறுத்தினேன். பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை தமிழ் கூடாது; ஆறு மணி வரை தப்பாமல் இருந்தால் ஒரு ஸ்டார், அதன்பிறகு பேசினால் அதை எடுத்துவிடுவேன்.

வாராவாரம் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது? நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, சென்னையில் முதல் இன்டர்வியூவில் வாயடைத்து உட்கார்ந்திருந்தவனும் நான்தானே? அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. என் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்று நினைத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. எனக்கும் மனைவி சுஜாவுக்கும் தெரிந்த வீட்டு இங்கிலீஷ் மொத்தமும் அதிகாரம்தான். கம். சிட். ஈட் ஃபாஸ்ட். டோன்ட் டச். சாளைமீனைப் பிய்த்து வைக்கும்போது, "முள்ளு உண்டும், பாத்துத் தின்னு மக்ளே" என்று சொல்கிறவள் சுஜா. இப்போது "கேர்ஃபுல்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவே இல்லை. நான்தான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அபிஷா வந்தாள். ஸ்கூல் எப்படி என்று இங்கிலீஷில் கேட்டேன். "குட், டாடி" என்றாள். அதன்பிறகு பேச்சே இல்லை. எனக்கோ பத்திரிகைக்கு அந்த வாரப் பத்தியை முடிக்கிற அவசரம். ஆறு மணியானது, ஸ்டாரை ஒட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து அலறல். ஓடினேன். முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது துணி கையில் உரசியிருக்கிறது. இடது முழங்கை வீங்கிச் சிவந்திருந்தது.

"வாட் ஹேப்பண்ட்?" என்றேன். பாருங்கள், அப்போதும் புத்தி வரவில்லை!

"நத்திங், டாடி." கண் நிறைந்துவிட்டது.

சுஜா என்னைத் தள்ளிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். "எங்க மக்ளே விழுந்த?"

அவ்வளவுதான், பிள்ளை உடைந்தாள். காலை இன்டர்வெலில் சறுக்குமரம், பின்னால் வந்தவன் இடித்தது, கையை ஊன்றி விழுந்தது, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் அப்படியே மூடி வைத்தது... விம்மலோடு எல்லாம் வந்தது.

"மிஸ்ஸுட்ட சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்லணும்னு தெரியல்ல."

"வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம்லா?"

"இங்கயும் இங்கிலீஷ்லதானே சொல்லணும்."

காலையிலிருந்து சாயங்காலம் வரை வலியோடு இருந்திருக்கிறாள். சொல்ல ஓர் இடம் இல்லை. வீட்டில் மூன்று மணி நேரம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையேதான் யோசித்தேன். பள்ளியை மாற்றப் போவதில்லை. இங்கிலீஷ் வேண்டும், சந்தேகமே இல்லை. அங்கே திக்கித் திணறித்தான் கற்றுக்கொள்வாள், எல்லாப் பிள்ளைகளையும் போல. ஆனால் அடிபட்டு ஓடி வருகிற வீட்டையும் நான் எதற்காக வகுப்பறையாக்கினேன்? என் பழைய பயத்துக்கு அவள் ஏன் பரீட்சை எழுத வேண்டும்?

நல்லவேளை, எலும்பு முறியவில்லை. டாக்டர் கட்டுப் போட்டு, கையைத் துணியால் கழுத்தில் தொங்கவிட்டார். அபிஷா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நான் தமிழ்ல அழுதேன்லா... ஸ்டார எடுத்துருவியளா?"

கேள்வி தமிழில்தான் இருந்தது. அந்த முதல் இன்டர்வியூவைப் போலவே அன்றைக்கும் எனக்குப் பதில் வரவில்லை.